சதுரத்தைச் செவ்வகம் என்று எழுதினால் தவறா?

வினா:
வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு நாற்கரங்களை வகைப்படுத்தும் பாடம் நடக்கிறது. நான்கு பக்கங்களும் 4 செ.மீ., நான்கு கோணங்களும் 90° என்று தரப்பட்ட உருவத்துக்குச் சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம் என நான்கு பெயர்களையும் அவள் எழுதியிருக்கிறாள். செவ்வகத்தின் நீளமும் அகலமும் வேறுபட வேண்டும் என்றே நான் படித்தேன். ஓர் உருவத்துக்கு இத்தனை பெயர்கள் பொருந்துமா?

மறுமொழி 1:
பொருந்தும், உங்கள் மகள் எழுதியது சரி. நான்கு கோணங்களும் செங்கோணமாக இருந்தால் செவ்வகம். நீளமும் அகலமும் வேறுபட வேண்டும் என்ற நிபந்தனை இன்றைய வரையறையில் இல்லை. நான்கு பக்கங்களும் சமமாக இருந்தால் சாய்சதுரம். கோணம் எதுவாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவதால் சதுரம் இரு வகையிலும் அடங்குகிறது. இரு சோடி எதிர்ப்பக்கங்களும் இணையாக இருப்பதால் அது இணைகரமும் ஆகும். பக்க அளவுகள் மட்டும் தெரிந்தால் போதாது என்பதையும் அவளுக்குக் காட்டுங்கள்: 4 செ.மீ. நீளமுள்ள நான்கு குச்சிகளை முனைகளில் தளர்வாகக் கட்டிச் சாய்த்தால், பக்கங்கள் மாறாமலே கோணங்கள் மாறி எண்ணற்ற சாய்சதுரங்கள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றுதான் சதுரம். மூன்று குச்சிகளால் கட்டிய முக்கோணம் இப்படிச் சாயாது.

மறுமொழி 2:
கேட்டவர் படித்த முறைக்கும் பழைய வேர் உண்டு. கி.மு. 300 அளவில் யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் முதற் பகுதி, 22ஆம் வரையறையில் சதுரம், சமபக்கமில்லாத செவ்வகம், செங்கோணமில்லாத சாய்சதுரம் ஆகியவற்றை ஒன்றில் மற்றொன்று அடங்காத தனித்தனி வகைகளாகவே வைத்தார். இன்றைய அடுக்குமுறையின் பயன், என் பார்வையில், நிறுவும் வேலை குறைவதுதான். இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடும் என்று ஒருமுறை நிறுவிவிட்டால், அது செவ்வகத்துக்கும் சாய்சதுரத்துக்கும் சதுரத்துக்கும் தானாகவே பொருந்தும். மூலைவிட்டங்கள் சமம் என்ற பண்பைச் செவ்வகத்திடமிருந்தும், அவை செங்குத்தாக வெட்டும் என்ற பண்பைச் சாய்சதுரத்திடமிருந்தும் சதுரம் பெறுகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் இணைகரமும் ஒரு சரிவகமா?

மறுமொழி 3:
இதில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. "ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் மட்டும் இணை" என்றால் இணைகரம் சரிவகமாகாது. "குறைந்தது ஒரு சோடி" என்றால் ஆகும். இரண்டாவதே எனக்கு உகந்தது. சரிவகத்தின் பரப்பளவான ½ × h × (a + b) என்பதில் (a, b இணைப்பக்கங்கள், h அவற்றுக்கிடையே உள்ள உயரம்) b = a எனப் பிரதியிட்டால், இணைகரத்தின் பரப்பளவான a × h கிடைத்துவிடுகிறது. ஆனால் இதை ஏற்பவர்கள் இருசமபக்கச் சரிவகத்தை "ஒரு சோடி இணை, மற்ற சோடி சமம்" என்று வரையறுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் எல்லா இணைகரங்களும் அதில் நுழைந்துவிடும்; அவற்றில் பலவற்றின் மூலைவிட்டங்கள் சமமல்ல என்பதால், இருசமபக்கச் சரிவகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்ற தேற்றம் பொய்த்துவிடும். எனவே இணைப்பக்கம் ஒன்றின் மீதமைந்த இரு கோணங்களும் சமம் என்று வரையறுப்பதே பாதுகாப்பானது. தேர்வில் மட்டும், உங்கள் மகளின் பாடநூல் எந்த வரையறையைத் தருகிறதோ அதன்படியே எழுதச் சொல்லுங்கள்.