கூட்டில் ஒரே அளவுக் கற்கள்: மீன் தேர்ந்தெடுக்கிறதா, கிடைத்ததை அள்ளுகிறதா?

ஓடைவாசி:
ப்ளூஹெட் சப் என்ற ஓடை மீன் முட்டையிடக் கூடாகக் கட்டிய கூழாங்கல் மேட்டில் கற்கள் ஏறக்குறைய ஒரே அளவு. சுற்றிலும் மணலும் பெரிய கற்களும் கிடக்கின்றன. மீன் தேர்ந்தெடுத்ததுதான் என்று எப்படி உறுதி செய்வது?

கெளுத்தி:
மேல் வரம்பை வாய் வைக்கிறது. ஆண் மீன் ஒவ்வொரு கல்லாக வாயில் கவ்வி வருவதால், வாயகலத்துக்கு மேல் போக முடியாது. பெரிய ஆண், பெரிய கல். கீழ் வரம்பை முட்டை வைக்கிறது. கல்லிடுக்குகளில்தான் முட்டைகள் தங்கும். மணல் அடைத்தால் நீரோட்டம் நின்று ஆக்சிஜன் குறையும். சால்மன் கதை வேறு. பெண் மீன் வாலால் அடித்துக் குழி பறிப்பதால், உடல் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு வரையுள்ள சரளையைக்கூடக் கையாளும்: 60 செ.மீ. மீனுக்கு 6 செ.மீ. கல்.

சரளை:
குஞ்சுகள் வெளியேறும்வரை கூட்டைத் தொடாதீர்கள். பிறகு கூட்டில் 100 கல், அருகிலுள்ள படுகையில் 100 கல் அளந்து ஒப்பிடுங்கள். படுகையில் நடந்துகொண்டே காலடிக்கு ஒருமுறை, பார்க்காமல் விரலை இறக்கி முதலில் படுவதை எடுக்க வேண்டும். பார்த்து எடுத்தால் கை பெரிய கல்லுக்கே போகும், முடிவு கெட்டுவிடும். நீளத்தை அளக்காதீர்கள், நீளத்துக்கும் தடிமனுக்கும் இடைப்பட்ட நடு அளவை வெர்னியர் அளவுகோலால் எடுங்கள். வாயில் நுழையுமா என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

தோண்டி எடுத்த கற்களோடு ஒப்பிடுவதும் தவறு. மேல்தளக் கற்கள் அடியில் உள்ளவற்றைவிடப் பொதுவாகப் பெரியவை. மீன் பொறுக்குவது மேல்தளத்தில். வெள்ளம் வந்துபோன கூட்டையும் விட்டுவிடுங்கள், அங்கே கற்களைப் பிரித்தது தண்ணீராக இருக்கலாம்.

நீர்ப்பாசி:
எல்லாக் கூடும் கல்லல்ல. மூன்றுமுள் ஸ்டிக்கில்பேக் என்ற சிறு மீனின் ஆண் இழைப்பாசியைச் சேர்த்து, சிறுநீரகத்தில் சுரக்கும் ஸ்பிக்கின் என்ற பசையால் ஒட்டுகிறது. அங்கே கல்லின் விட்டத்தை அளப்பதில் பொருளில்லை. எந்தப் பாசி, எவ்வளவு என்று உலர்த்தி எடைபோட வேண்டும்.

ஓடைவாசி:
ஒரே கூட்டில் 300 கல் எடுத்தால் போதாதா?

சரளை:
போதாது. 300 கல்லும் ஒரே ஆணின் வாய் தூக்கியவை. பத்துக் கூடுகளில் முப்பது முப்பதாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் அந்த ஆணின் நீளத்தையும் குறித்துவைத்தால், வாய்க்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பும் தெரிந்துவிடும்.