வட்டக்கச்சி வீட்டுக் குழு: மொனிற்றர் வாங்குவதா, கையால் பார்ப்பதா?

தம்பி: பெரியண்ணை வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது என் பவளத் தொட்டிக்கு ஒரு மொனிற்றர் வாங்கி வரட்டோ என்று கேட்கிறார். வெப்பம், பி.எச்., உப்பு எல்லாம் போனிலேயே தெரியுமாம். அப்படி என்றால் இந்தச் சொட்டு விட்டு நிறம் பார்க்கிற வேலையை விட்டுவிடலாம்தானே? அக்கா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெரியண்ணை (ரொறன்ரோ): என் வீட்டில் நெப்டியூன் அபெக்ஸ் என்ற தொட்டி மொனிற்றர், அதோடு ட்ரைடென்ட் என்ற தானாக அளக்கிற கருவி. ட்ரைடென்ட் தானே தண்ணீரை இழுத்து கே.எச்.சை (பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கிற காரத்தன்மையை) ஒரு நாளைக்கு 4 தடவையும் கல்சியம், மக்னீசியம் இரண்டையும் 2 தடவையும் அளந்து அனுப்பும். போன விண்டரில் இவற்றைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுகிற டோசிங் பம்பின் குழாய் அடைத்துப் போனது, அன்று பின்னேரமே கோடு கீழே சரிவதைக் கண்டு வேலையில் நின்றபடியே வீட்டுக்குச் சொல்லி எடுப்பித்தேன். வாரத்துக்கு ஒருக்கால் கையால் பார்க்கிற ஆள் என்றால் அக்ரோபோரா என்ற கல்லுப் பவளத்தின் நுனி வெளுத்த பிறகுதான் கண்டிருப்பார்.

நான் (அக்கா): அண்ணை, உங்களுக்கு அது தேவை, நான் மறுக்கவில்லை. உங்கள் தொட்டி முழுக்க கல்லுப் பவளம். அது கே.எச்.சையும் கல்சியத்தையும் நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நீங்கள் பம்பால் ஊட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், பம்ப் நின்றால் ஒரு நாளிலேயே ஆபத்து. தம்பியிடம் இருப்பது 200 லீற்றர் தொட்டி, காளான் பவளமும் சோவாந்திட் என்ற பூப்போன்ற பவளமும் இரண்டு க்ளவுன் மீனும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் கே.எச். அரைப் புள்ளி இறங்கினால் பெரிசு. நாளுக்கு 4 தடவை அளக்க அங்கே என்ன இருக்கிறது?

நான்: இன்னொன்று, ட்ரைடென்ட் செய்வதும் நாங்கள் உயர்தர வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற அதே நியமிப்புத்தான், நிறம் மாறும்வரை சொட்டு விட்டு அளப்பது. அதற்கும் மருந்துப் போத்தல் வேண்டும், ஏறக்குறைய 2 மாதத்துக்கு ஒருக்கால் புதிசு போட வேண்டும். கிளிநொச்சிக்கு அதை யார் அனுப்பிக்கொண்டிருப்பது?

பெரியண்ணை (ரொறன்ரோ): அது உண்மைதான். நான் கொண்டுவரச் சொன்னது அது இல்லை, வெப்பம், பி.எச்., உப்பு மட்டும் பார்க்கிற சின்னது.

தம்பி: சின்னதே காணும். அக்கா, இதையும் கேட்க வேணும். நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கின பி.எச். மீற்றரைத் தொட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பின்னேரம் 8.2 காட்டினது. இப்போ விடிய 7.88. பி.எச். கூட்டுகிற பவுடர் இருக்கிறது, கொஞ்சம் போடட்டோ?

நான்: போடாதே! எதையும் போடாதே. முதலில் கே.எச். பார்த்துச் சொல்.

தம்பி: சரி, பொறுங்கோ.

அம்மா: மீனுக்கு என்ன பிள்ளை? நேற்றும் நல்லாத்தானே சாப்பிட்டது.

நான்: ஒன்றும் இல்லை அம்மா. பகலில் லைட் எரியும்போது பாசியும் பவளத்துக்குள்ளே இருக்கிற நுண்ணிய பாசியும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், பி.எச். ஏறும். இரவில் எல்லாம் மூச்சு மட்டும் விடும், வாயு தண்ணீரில் சேரும், பி.எச். இறங்கும். விடியப்புறம்தான் ஆகக் குறைவு. அதுவும் நுளம்புக்குப் பயந்து யன்னல் எல்லாம் பூட்டி, அறைக்குள்ளே ஆட்களும் படுத்தால் இன்னும் இறங்கும். தினமும் எல்லாத் தொட்டியிலும் நடப்பதுதான் இது. கையால் பார்க்கிற ஆள் பின்னேரம் மட்டும் பார்ப்பதால் இதைக் காண்பதே இல்லை. மீற்றர் காட்டுகிறது, அது நல்ல விஷயம், ஆனால் காட்டின உடனே ஓடிப்போய்ப் பவுடர் கொட்டினால் கே.எச். ஏறிவிடும். பி.எச்.சோ வாயு கூடக் கிடக்கும்வரை திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

தம்பி: பார்த்தேன். 5 மில்லிலீற்றர் எடுத்து விட்டேன், முதல் சொட்டில் நீலம், 8 ஆவது சொட்டிலும் பச்சை மாதிரி, 9 இல் மஞ்சள். அப்போ 8 ஆ 9 ஆ?

நான்: அந்தக் கிட்டில் ஒரு சொட்டு ஒரு டி.கே.எச். (கே.எச். அளக்கிற அலகு) என்பதால் நடுவில் உள்ளது தெரியாது. 10 மில்லிலீற்றர் எடு, ஒரு சொட்டு அரை டி.கே.எச். ஆகிவிடும். போத்தலை நேர் செங்குத்தாகப் பிடி, சரித்தால் சொட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவாக விழும். ஒவ்வொரு சொட்டுக்கும் மூடிக் குலுக்கு. தண்ணீர் அளக்கும்போது கண் கோட்டுக்கு நேரே இருக்கட்டும், வளைவின் அடிதான் கோட்டில் நிற்க வேண்டும். வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்து வாசலில் நின்று பார், ரியூப் லைட்டுக்குக் கீழே வேண்டாம்.

தம்பி: 17 ஆவது சொட்டில் நல்ல மஞ்சள். 16 இல் இன்னும் பச்சை இருந்தது. 8.5.

நான்: மிகவும் நல்லது. 8.5 என்றால் பவுடருக்கு வேலையே இல்லை. யன்னலைத் திற, மத்தியானம் பி.எச். என்ன என்று சொல். அந்த மீற்றரைக் கடைசியாக எப்போது பி.எச். 7, 10 கரைசல்களில் வைத்துச் சரிபார்த்தார்கள் என்றும் கேள். மாதத்துக்கு ஒருக்காலாவது பார்க்காவிட்டால் அது காட்டுகிற இரண்டாம் தசமத்தை நம்ப முடியாது. கண்ணாடி முனை காயவே கூடாது, ஒழுங்காகப் பார்த்தாலும் ஒன்று இரண்டு வருசத்தில் மாற்ற வேண்டிய பொருள்.

சித்தப்பா (முல்லைத்தீவு): பிள்ளையள், இவ்வளவு கரைச்சல் ஏன்? இங்கே கடல் கிடக்குது. கானில் அள்ளி பஸ்ஸில் போட்டு விடுகிறேன். பவளமும் பெடியளிடம் சொன்னால் எடுத்துத் தருவாங்கள்.

நான்: சித்தப்பா, பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம், அந்தப் பெடியளுக்கும் வில்லங்கம், கடலுக்கும் கேடு. தம்பி கொழும்பில் அனுமதி உள்ள இடத்தில்தான் வாங்கினான். தண்ணீர் நல்ல யோசனைதான், ஆனால் உப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும்.

சித்தப்பா (முல்லைத்தீவு): அது சரி. மாரியில் வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டிவிட்டால் நந்திக்கடல் களப்புத் தண்ணி முழுக்கக் கடலுக்கு இறங்கும், கரையெல்லாம் தேத்தண்ணி நிறம். அந்த நாட்களில் அள்ளக் கூடாது.

தம்பி: உப்பில்தான் எனக்கும் பயம். இந்தக் கச்சான் காற்றுக்குத் தண்ணீர் சரியாக வற்றுகிறது. சூட்டைக் குறைக்க ஃபானும் பூட்டியிருக்கிறேன், அதால் இன்னும் கூட.

நான்: 200 லீற்றரில் 5 லீற்றர் ஆவியானாலே லீற்றருக்கு 35 கிராம் உப்பு என்பது கிட்டத்தட்ட 36 ஆகிவிடும், உப்பு போகாது, தண்ணீர்தான் போகும். அதனால் ஊற்றுவது நல்ல தண்ணீர், அதுவும் ஆர்.ஓ. வடிகட்டியில் உப்பு நீக்கின தண்ணீர், எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கேத்திலில் படிகிற வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்த்தாலே தெரியும். இங்கேதான் அண்ணையின் சின்ன மொனிற்றர் உண்மையாக உதவும். வெப்பமும் உப்பும் வன்னியில் ஒரே பகலில் மாறுகிறவை, நீ கடையில் நிற்கும்போது மாறுகிறவை. 26 பாகையில் இருக்க வேண்டிய வெப்பம் 29க்குப் போகும்போது போன் அடிக்க வேண்டும். கே.எச்., கல்சியம், நைட்ரேட், பொஸ்பேட் நாட்கணக்கில் மாறுகிறவை, அவற்றை ஞாயிற்றுக்கிழமை கையால் பார்த்துக் கொப்பியில் எழுது.

தம்பி: கரண்ட் போனால்?

பெரியண்ணை (ரொறன்ரோ): அதைத்தான் நானும் யோசித்தேன். கரண்ட் போனால் ரவுட்டரும் நிற்கும், ரவுட்டர் நின்றால் மொனிற்றருக்குச் சொல்ல வழி இல்லை. சரியாக ஆபத்து நேரத்தில் வாய் மூடிவிடும். சிலதில், கருவியிடமிருந்து சிக்னல் வராவிட்டால் கம்பனி சேர்வரே போனுக்கு அறிவிக்கும். அப்படி ஒன்றுதான் எடுப்பேன்.

அம்மா: 2022இல் 13 மணித்தியாலம் வெட்டினதை மறக்காதே அப்பு.

நான்: அம்மா சொல்வது சரி. மொனிற்றருக்கு முதல் பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்று வாங்குங்கோ அண்ணை, கரண்ட் போனால் முதலில் குறைவது ஒட்சிசன். காசு காணாவிட்டால் மொனிற்றரை விட்டுவிட்டு அதை மட்டும் வாங்குங்கோ.

பெரியண்ணை (ரொறன்ரோ): இரண்டும் வரும். தம்பிக்கு நிறம் பார்க்கக் கஷ்டம் என்றால் ஹானா செக்கரும் இருக்கிறது, மருந்து நாங்கள் போட வேண்டும், நிறத்தை அது வாசித்து இலக்கமாகச் சொல்லும்.

தம்பி: கே.எச். எனக்குத் தெரிகிறது. பொஸ்பேட்தான் வெளிர்நீலமா இல்லையா என்றே விளங்குவதில்லை.

நான்: அப்போ பொஸ்பேட்டுக்கு மட்டும் செக்கர். அந்தச் சின்னப் போத்தலைத் துணியால் துடைத்து, விரல் படாமல் மூடியைப் பிடித்து வைக்கவேணும், கைரேகை பட்டாலே இலக்கம் மாறும். தம்பி, ஒரு விஷயம் மட்டும் எனக்கு வாக்குத் தா: கருவி சொன்னாலும் கிட் சொன்னாலும் ஒரு இலக்கத்தை மட்டும் பார்த்து எதையும் ஊற்றமாட்டாய், இன்னொருக்கால் பார்த்து இரண்டும் பொருந்தினால்தான்.

தம்பி: சரி அக்கா, அப்படியே செய்கிறேன். மத்தியானம் ஆச்சு, யன்னல் திறந்த பிறகு 8.12.

நான்: பார்த்தாயா. அண்ணை, பட்டியலில் இவையும் சேருங்கோ: 35 உப்பு அளவுக் கரைசல், பி.எச். 7, 10 கரைசல், மீற்றர் முனை வைக்கிற கரைசல், கே.எச். மருந்து இரண்டு. எல்லாவற்றிலும் காலாவதித் திகதி பார்த்து, ஆகக் குறைந்தது ஒரு வருசம் இருக்கிறதாக எடுங்கோ.