ஆர்.ஓ. சர்வீஸ் விசிட்டிங் கார்டு: எதை எடுக்கலாம், எதை விடலாம்?

காவிரி_கனெக்‌ஷன்:
வணக்கம். சொந்த ஊர் கேஜிஎஃப். ஒரு கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்துவிட்டு, இப்போது தனியாக ஆர்.ஓ. (வீட்டில் குடிநீரைச் சுத்திகரிக்கும் மெஷின்) சர்வீஸ் பார்க்கிறேன். பெங்களூரில் கம்மனஹள்ளி, லிங்கராஜபுரம், பானஸ்வாடி பக்கம் அபார்ட்மென்ட் வேலைதான் அதிகம்.

விசிட்டிங் கார்டுக்கு மச்சான் மொபைலிலேயே ஒரு டிசைன் போட்டுக் கொடுத்தான். கருநீலப் பின்னணி, தண்ணீர் தெறிக்கிற படம், மேலே முருகர், மூன்று பிராண்டு லோகோ, என் பெயர், அதன் கீழே ‘புரொப்ரைட்டர்’, மூன்று போன் நம்பர், முழு அட்ரஸ், பன்னிரண்டு சர்வீஸ் அடங்கிய பட்டியல், ஜிபே கியூஆர். பின்பக்கம் காலி. கிளாஸி லாமினேஷன் (மேலே ஒட்டுகிற பளபளப்பு பிளாஸ்டிக் படலம்) போட்டால் பளபளவென்று இருக்கும் என்கிறான். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் என் நம்பரை நானே தேட வேண்டியிருக்கிறது. எதை எடுக்கலாம்? கன்னடம் கட்டாயமா?

பேட்டை_டிடிபி:
தம்பி, சுல்தான்பேட்டையில் டிடிபி வேலை, அதாவது அச்சுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிற வேலை பார்க்கிறவன் நான். மச்சான் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கார்டைத் தேடுகிறவர் யார்? ஃபில்டரில் தண்ணீர் வராமல் சமையலறையில் நிற்கிறவர். ‘வாட்டர் ஃபில்டர் சர்வீஸ்’ என்பதும் நம்பரும் அவர் கண்ணில் உடனே பட வேண்டும். உங்கள் பெயர் அதற்கப்புறம். நம்பர் ஒன்றே போதும், வாட்ஸ்அப்பும் அதிலேயே இருக்கட்டும். ஐந்து ஐந்து இலக்கமாகப் பிரித்து, எழுத்தின் அளவு குறைந்தது 12 பாயின்ட்டில் போடுங்கள். மற்ற எழுத்து எதுவும் 7 பாயின்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ‘புரொப்ரைட்டர்’ யாருக்கு? அட்ரஸும் வேண்டாம். கிராஸ், மெயின், பிளாக், எந்தக் கோயிலுக்கு எதிரில் என்று நம்ம பெங்களூர் அட்ரஸ் நாலு வரி தின்னும். வீடு தேடிப் போகிறவர் நீங்கள்தான். போகிற ஏரியாக்களின் பெயரை ஒரு வரியில் எழுதினால் முடிந்தது.

உங்கள் தொழிலில் பின்பக்கம்தான் பொன். காலியாக விடாதீர்கள். நாலைந்து வரிக் கட்டம் போடுங்கள்: தேதி, மாற்றிய பார்ட், உள்ளே வரும் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு), வெளியே வரும் தண்ணீரின் டிடிஎஸ், அடுத்த சர்வீஸ் எப்போது. ஒவ்வொரு தடவையும் அவர் கண் முன்னால் மீட்டரை வைத்துப் பார்த்து, பேனாவால் எழுதிக் கொடுங்கள். தன் வீட்டுக் கணக்கு எழுதியிருக்கிற கார்டை யாரும் குப்பையில் போட மாட்டார்கள்.

அதனால்தான் லாமினேஷன் வேண்டாம் என்கிறேன். அந்தப் பளபளப்பின் மேல் பால்பாயின்ட் பேனா வழுக்கும். முன்பக்கம் மட்டும் போடலாமே என்பீர்கள், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அட்டை சுருண்டுகொள்ளும். பூச்சில்லாத அட்டை, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), கேட்டு வாங்குங்கள். அந்த அட்டை மையை உறிஞ்சும், கருநீலப் பின்னணி அடித்தால் மங்கிப் போகும். பின்னணி வெள்ளையாகவே இருக்கட்டும். ஒரு நீலப் பட்டை போதும். அதிலும் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு மை) ஏறினால் மொபைலில் பார்த்த நீலம் அச்சில் கத்தரிப்பூ நிறமாகிவிடும், குறைத்து வையுங்கள். எழுத்து தனிக் கறுப்பில் இருக்கட்டும். நாலு கலரும் கலந்த கறுப்பு என்றால் பொடி எழுத்து ஓரத்தில் நிழல் தட்டும்.

அளவு மூன்றரைக்கு இரண்டு அங்குலம், அதாவது 89க்கு 51 மில்லிமீட்டர். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டிப் போகிற கூடுதல் ஓரம்) விட்டு, எழுத்தை ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். மொபைல் ஸ்க்ரீன்ஷாட்டைக் கொண்டுவந்து ‘அண்ணா, அடிச்சுக் குடுங்க’ என்று மட்டும் நிற்காதீர்கள், பிடிஎஃப் வேண்டும்.

பானஸ்வாடி_பால்கனி:
வாங்குகிற பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். எங்கள் பில்டிங்கில் இந்த மாதிரி கார்டெல்லாம் செக்யூரிட்டி மேசை டிராயரில்தான் கிடக்கும். அவரிடம் யாராவது கேட்டால் மேலே இருப்பதை எடுத்து நீட்டுவார். பன்னிரண்டு சர்வீஸ் எழுதினால் இவர் என்ன வேலை செய்கிறார் என்று அவருக்கே தெரியாது.

மூன்று பிராண்டு லோகோவைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நீங்கள் அந்தக் கம்பெனிகளின் அங்கீகாரம் பெற்றவர் இல்லையே? டிரேட்மார்க் வம்பு வேறு. ‘எல்லா பிராண்டும் பார்க்கப்படும்’ என்று எழுதுங்கள் தம்பி, போதும்.

ஜிபே கியூஆரை பில்லில் வையுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன்பே பணம் கேட்கிற மாதிரி இருக்கிறது. கார்டில் உங்கள் வாட்ஸ்அப் சாட்டை நேராகத் திறக்கிற கியூஆர் இருந்தால் மெஷினைப் படம் பிடித்து அனுப்ப வசதி. ஆனால் இலவசமாகக் கியூஆர் செய்து தரும் சில தளங்கள் இடையில் தங்கள் லிங்க்கைச் சொருகிவிடும், கெடு முடிந்ததும் அந்தக் கியூஆர் செத்துப் போகும். உங்கள் நம்பரோடு 91 சேர்ந்த வாட்ஸ்அப் லிங்க்கையே நேராகக் கியூஆராக மாற்றுங்கள். இரண்டு செண்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

இந்திராநகர்_எறும்பு:
கன்னடம் பற்றி யாரும் சொல்லவில்லையே. கர்நாடகத்தில் 2024ல் சட்டத்திருத்தமாக வந்த 60 சதவீதக் கன்னடம் கடைகளின் பெயர்ப் பலகைக்கு. விசிட்டிங் கார்டுக்கு இல்லை. ஆனாலும் ‘வாட்டர் ஃபில்டர் சர்வீஸ்’ என்பதைக் கன்னடத்திலும் ஒரு வரி போடுங்கள், செக்யூரிட்டிக்கும் பில்டிங் மேனேஜருக்கும் எடுத்துக் கொடுக்கச் சுலபம். கன்னடம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் அச்சுக்கு விடாதீர்கள். ஃபான்ட் மாறினால் கூட்டெழுத்தெல்லாம் பிய்ந்து வரும். ஃபைலில் எழுத்தை ‘கர்வ்ஸ்’ ஆக்கச் சொல்லுங்கள், அதாவது ஃபான்ட் தேவைப்படாத வரைவடிவமாக.

காவிரி_கனெக்‌ஷன்:
அக்கா, அண்ணன்மார்களே, நன்றி. பின்பக்கக் கட்டம் பிரமாதம். கஸ்டமர்கள் எப்போதும் டிடிஎஸ் எவ்வளவு இருக்கலாம் என்றுதான் கேட்பார்கள். காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் ஒரு கணக்கு, போர்வெல் வீட்டில் வேறு. அதனால் கட்டத்துக்குக் கீழே, இந்தியக் குடிநீர்த் தர விதியான ஐஎஸ் 10500ஐ வைத்து ‘டிடிஎஸ்: ஐஎஸ் 10500 ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்’ என்று ஒரு வரி சேர்க்கலாமா? அப்புறம், முருகரை எடுத்தால் அம்மா விடமாட்டார்.

பேட்டை_டிடிபி:
டிடிஎஸ் வரியைக் கட்டாயம் சேருங்கள். முருகருக்குப் பதிலாக மேல் மூலையில் சின்னதாக ஒரு வேல், ஒரே கலரில். அம்மாவிடம் நீங்கள்தான் பேசிக்கொள்ள வேண்டும். ஆஃப்செட்டில் (பிளேட் போட்டு மொத்தமாக அடிப்பது) ஆயிரம் அடித்தால் ஒரு கார்டுக்கு விலை குறையும், ஆனால் பலர் வேலையை ஒரே தாளில் சேர்த்து ஓட்டுவதால் கலர் முன்னே பின்னே வரும். முதலில் டிஜிட்டலில் நூறு போட்டு, ஒரு கார்டின் பின்பக்கத்தில் உங்கள் பேனாவால் எழுதி, ஈரக் கையால் தேய்த்துப் பாருங்கள். எழுத்து நின்றால் மீதியை அடிக்கலாம்.