ட்ரைவால் சுவரில் கர்ட்டன் ராடு ஆடுகிறது, பெரிய ஆங்கரும் நிற்கவில்லை

கேள்வி:
கனடாவில் மரச்சட்ட வீடு, அரை இன்ச் ட்ரைவால் (மரச்சட்டத்தின் மேல் அடிக்கும் ஜிப்சம் அட்டை). 72 இன்ச் ராடு, கனமான பிளாக்அவுட் துணி. ராடைத் தாங்கும் இடது பிராக்கெட் ஜன்னல் ட்ரிம்மிலிருந்து (ஜன்னலைச் சுற்றி அடித்த மரச்சட்டம்) 2 இன்ச் தள்ளி இருக்கு. ராடோட வந்த பிளாஸ்டிக் ஆங்கர் (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகும் உறை) ஒரு மாசத்துல கழண்டுச்சு. அதே ஓட்டையில அடுத்த சைஸ் போட்டும் மேல் ஸ்க்ரூ பிடுங்கிட்டு வருது, வெள்ளைத் தூள் கொட்டுது. என்ன பண்ணலாம்?

பதில் 1:
அந்த ஓட்டையை விட்டுடுங்க. தூள் கொட்டுதுன்னா உள்ளே ஜிப்சம் நொறுங்கிடுச்சு, இனி எந்த ஆங்கருக்கும் அங்கே பிடிமானம் கிடையாது. கீழே இழுக்கும் பாரத்தை பிளாஸ்டிக் ஆங்கர் ஓரளவு தாங்கும், வெளியே இழுப்பதைத் தாங்காது. பிராக்கெட் சுவரிலிருந்து 4 இன்ச் நீட்டிக்கொண்டு, மேல் ஸ்க்ரூவுக்கும் தகட்டின் கீழ் விளிம்புக்கும் 2 இன்ச்தான் இருந்தால், அந்த முனையில் தொங்கும் எடையைப் போல இரண்டு மடங்கு மேல் ஸ்க்ரூவை வெளியே இழுக்கும். தினமும் துணியைச் சுண்டி இழுப்பது வேறு.

முதலில் மரம் எங்கே என்று பாருங்க. ஜன்னலின் ஒவ்வொரு பக்கமும் வழக்கமாக ஜாக் ஸ்டட், கிங் ஸ்டட் என்று சுவருக்குள் இரண்டு செங்குத்து மரக்கட்டை ஒட்டி நிற்கும், ஒவ்வொன்றும் 1½ இன்ச். அந்த 3 இன்ச்சில் பெரும்பகுதியை ட்ரிம்மே மூடிவிடும். 2 இன்ச் தள்ளிப் போட்டதால் உங்க பிராக்கெட் மரத்தைத் தாண்டி வெறும் ட்ரைவாலில் உட்கார்ந்திருக்கு.

சின்ன காந்தத்தைச் சுவரில் மெதுவாக நகர்த்துங்க, ட்ரைவால் ஸ்க்ரூ தலையில் ஒட்டும். மேலும் கீழுமாக ஒரே கோட்டில் ஒட்டினால் அது ஸ்டட். பிராக்கெட் மறைக்கும் இடத்தில் 1/16 பிட்டால் ஒரு ஓட்டை போட்டுப் பாருங்க. அரை இன்ச்சுக்குப் பிறகும் இறுக்கமாகப் போய் மரத்தூள் வந்தால் சரி, சட்டென்று உள்ளே விழுந்தால் காலி இடம். மரம் கிடைத்தால் 7/64 பிட்டில் ஓட்டை, 8ஆம் நம்பர் 2½ இன்ச் மர ஸ்க்ரூ. கறுப்பு ட்ரைவால் ஸ்க்ரூ வேண்டாம், அது வளையாது, தலை ஒடிஞ்சிடும்.

பதில் 2:
மரமே கிடைக்காத இடத்துக்கு ஸ்ட்ராப் வைத்த டாகிள் போல்ட். அரை இன்ச் ஓட்டை, 3/16 போல்ட். ட்ரைவாலுக்குப் பின்னால் இரும்புப் பட்டை குறுக்கே விழுந்து இழுவையைப் பரப்பிடும். ஆனா வாங்கும் முன் பிராக்கெட்டை அளந்துக்குங்க: அதன் துளையில் 3/16 போல்ட் நுழையணும், தகடு அரை இன்ச் ஓட்டையை முழுசா மூடணும். இரண்டு துளைக்கும் நடுவே முக்கால் இன்ச்தான்னா டாகிள் வேண்டாம், இடையில் மிஞ்சுற கால் இன்ச் ஜிப்சம் உடைஞ்சிடும். அது வெளிச்சுவர் என்பதால் பின்னால் பாலித்தீன் ஷீட் இருக்கும். ஓட்டை போட்டதும் சுற்றி கொஞ்சம் சீலன்ட் வைங்க, இல்லைன்னா வீட்டின் ஈரக்காற்று இன்சுலேஷனுக்குள் போய்க் குளிர்காலத்தில் தண்ணியா மாறும்.

பதில் 3:
இந்தத் துணிக்கு நான் சொல்வது பலகைதான். 1×4 பைன் பலகை (நிஜ அளவு ¾ × 3½) ராடை விட 4 இன்ச் நீளமாக வெட்டி, சுவர் நிறம் அடித்து, ஸ்டட்களிலும் ஜன்னலுக்கு மேலே குறுக்காக இருக்கும் ஹெடர் கட்டையிலும் 2½ இன்ச் ஸ்க்ரூவால் முடுக்குங்க. பலகை, ட்ரைவால் போக 1¼ இன்ச் மரத்துக்குள் இறங்கும். பிறகு பிராக்கெட்டைப் பலகையில் எங்கே வேண்டுமானாலும் ¾ இன்ச் ஸ்க்ரூவால் பொருத்தலாம்.

பழைய ஓட்டையில் பிய்ந்த காகிதத்தை பிளேடால் வெட்டி எடுத்துட்டு, மெஷ் டேப் ஒட்டி, தண்ணியில் குழைக்கும் செட்டிங் பவுடரால் அடைங்க. அடைத்த இடத்தில் மறுபடி ஸ்க்ரூ போடாதீங்க.

கேட்டவர்:
காந்தம் ட்ரிம் ஓரத்திலிருந்து அரை இன்ச்சிலேயே ஒட்டுது, 1/16 பிட்டில் மரத்தூளும் வந்துச்சு. பிராக்கெட்டை அங்கே நகர்த்தினா போதுமா, பலகையும் வேணுமா?

பதில் 1:
இரண்டு ஸ்க்ரூவும் மரத்தில் இறங்கினால் பலகை வேண்டாம். ஆனால் 72 இன்ச் ராடு நடுவில் தொய்யும், தொய்ந்தால் முனைகளை உள்பக்கம் இழுக்கும். நடுவில் ஒரு பிராக்கெட் கட்டாயம் போடுங்க, அதன் ஸ்க்ரூ ஹெடரில் இறங்கட்டும். ராடைக் கழற்றாமலே ஓட்டைகளைக் குறிச்சுடாதீங்க. தொய்ந்த ராடை வைத்துக் குறித்தால் நடு பிராக்கெட் கால் இன்ச் கீழே போயிடும், லெவல் வைத்துக் குறியுங்க.