சூனியக்காரியின் கொப்பரையை உடைப்பதா, விடுவதா?

குழுவிலுள்ள அனைவருக்கும் வியாசர்பாடியிலிருந்து வணக்கம். 2016இல் வெளிவந்த 'டார்க்கெஸ்ட் டஞ்சன்' கணினி விளையாட்டில், காட்டுப் பகுதிச் சூனியக்காரியிடம் என் படை தொடர்ந்து தோற்றுக்கொண்டிருப்பதால், ஆடித் தேர்ந்தவர்களின் உதவி தேவைப்படுகிறது. நால்வரில் ஒருவரைப் பிடித்து அவள் கொப்பரைக்குள் போட்டதும், மற்றவர்களின் வரிசை முன்னே நகர்ந்து, பின்னிடத்திலிருந்து மட்டுமே பயன்படும் திறன்கள் முடங்கிவிடுகின்றன. உள்ளே வேகிறவரின் உயிரோ குறைந்துகொண்டே போகிறது. கொப்பரையை அடித்து அவரை மீட்டால், சற்று நேரத்தில் இன்னொருவரைத் தூக்கிப் போடுகிறாள்.

இதில் ஒரு வீரரின் மன அழுத்தம் 100ஐத் தொட்டால் புத்தி பேதலிக்கலாம், 200ஐத் தொட்டால் மாரடைப்பு. ஆட்டம் தானாகவே சேமிக்கப்படுவதால் இறந்தவரை மீட்கப் பின்னோக்கிப் போகவும் வழியில்லை. அந்தக் கறார்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. (கேரம் ஆட வராமல் காசு கொடுத்து அடி வாங்குகிறாய் என்கிறான் தம்பி.)

கொப்பரையைப் பொருட்படுத்தாமல், அதன் பின்னால் நிற்கும் அவளையே நச்சுக் குண்டாலும் அம்பாலும் தாக்குவது சரியா? அழுத்தத்தைக் குறைக்க ஜெஸ்டரை (கோமாளி வீரரை) அழைத்துச் செல்லலாமா, அல்லது அந்த இடத்தில் இன்னொரு வில்லாளி இருப்பது மேலா? வென்றவர்கள் தங்கள் நால்வரின் வரிசையைக் குறிப்பிட்டு எழுதினால் நன்றியுடையவனாவேன்.