மூளை வெட்டில் வாங்கிப் புரதம் கலவுடலுக்குள் ஒளிருது, ஏன்?

நல்லூரான்:
வணக்கம். மெழுகில் பதித்த மனித மூளைய மேற்பட்டை வெட்டு, 5 மைக்ரோமீற்றர். ஆம்பா வாங்கியின் (குளுட்டமேற்றைப் பிடிக்கிற புரதம்) குளு-ஏ2 துணையலகுக்குப் பிறபொருளெதிரி போட்டால் கலவுடலுக்குள்ளதான் பளிச்செண்டு தெரியுது, நரம்பிணைப்புகளில ஒண்டுமில்லை. வாங்கி முதலுரு மென்சவ்வில எண்டுதானே படிச்சனாங்கள்? மென்சவ்வைத் துளைக்கிற ட்ரைற்றன் சவர்க்காரம் போடாமல் விட்டால் மேற்பரப்பில இருக்கிறது மட்டும் தெரியுமோ?

கோண்டாவில் அக்கா:
தெரியாது தம்பி. அந்த உத்தி வளர்ப்புத் தட்டில இருக்கிற முழுக் கலத்துக்குத்தான். உங்கட வெட்டில கத்தியே கலத்தைத் திறந்துவிட்டுது.

முதல்ல அந்த ஒளிர்வு உண்மையோ எண்டு பாருங்கோ. வயது போன நரம்புக்கலங்களில லிப்போஃபியூசின் எண்ட கழிவு நிறமி மணிகள் தானாகவே ஒளிரும், பச்சை வடிகட்டியிலயும் சிவப்பிலயும். பிறபொருளெதிரி போடாத வெட்டை அதே அமைப்பில வைச்சுப் பாருங்கோ. அங்கையும் மணிமணியாத் தெரிஞ்சால் விசயம் அதுதான். அந்த ஒளிர்வை மறைக்க, 70% எதனோலில 0.1% சூடான் பிளாக் பி சாயம், 5–10 நிமிடம். ஒளிர்சாயம் பூட்டின இரண்டாம் பிறபொருளெதிரிக்குப் பிறகுதான் போடவேணும். அதுக்குப் பிறகு ட்ரைற்றன் பட்டால் சாயம் கழன்றுபோகும்.

சிறுவலை:
அதைக் கழிச்ச பிறகும் கலவுடல் ஒளிர்ந்தால், பிழையெண்டு எறிஞ்சுபோடாதேங்கோ. குளு-ஏ2 இல கணிசமான பங்கு கலத்துக்குள்ள புரதம் செய்யிற அகமுதலுருச் சிறுவலையிலதான் நிக்கும். ஆர்என்ஏ திருத்தத்தால அதில வாற ஒரு ஆர்ஜினைன் அமினோவமிலம் அதை அங்கை பிடிச்சு வைக்குது. எல்லா வாங்கியும் மென்சவ்வில எண்டதும் சரியில்லை: ஐபி3 எண்ட உட்கலச் செய்தி மூலக்கூறைப் பிடிக்கிற வாங்கியின்ர இடமே சிறுவலை, கோட்டிசோலின் வாங்கி குழியவுருவில காத்திருந்து, ஓமோன் பிணைஞ்ச உடன கருவுக்குள்ள போகும்.

நரம்பிணைப்பில தெரியாததுக்குக் காரணம் வேறை. இணைப்பின்ர பின்பக்கம் புரதம் நெருக்கமாக அடுக்கின இடம். ஃபோமலின் அதை இன்னும் இறுக்கிப் பிணைக்க, பிறபொருளெதிரி உள்ள போகாது. அந்தப் பிணைப்பைத் தளர்த்த, 10 மில்லிமோலர் சிற்றேற்றுத் தாங்கற்கரைசல், பிஎச் 6.0, 95 பாகை, 20 நிமிடம் குடுத்துப் பாருங்கோ. போதாட்டி, கொஞ்ச நேரம் பெப்சின் (புரதத்தைச் செரிக்கிற நொதியம்). கூடினால் இழையமே கரைஞ்சு போயிடும், அதால நேரத்தை மிச்ச வெட்டுகளில பாத்துத் தீர்மானியுங்கோ.

இணைப்பின்ர பின்பக்கத்தைக் காட்டுற பிஎஸ்டி-95 புரதத்தையும் சேர்த்துச் சாயமிடுங்கோ. இரண்டும் ஒரே இடத்தில விழுந்தாலும், இணைப்பின்ர எந்தப் பக்கம் எண்டு கொன்ஃபோக்கல் (லேசர் ஒளி நுணுக்குக்காட்டி) சொல்லாது. அதின்ர பிரிதிறன் 200 நனோமீற்றரளவு, இணைப்பு இடைவெளியோ 20 தான். பக்கம் வேணுமெண்டால் பொன் துணிக்கையோட இலத்திரன் நுணுக்குக்காட்டிதான்.

கோண்டாவில் அக்கா:
இன்னொண்டு: செய்முறையில "அறை வெப்பநிலை" எண்டால் 20–25 பாகை. எங்கட வெக்கையில வெட்டு ஓரத்தில காய்ஞ்சு, காய்ஞ்ச இடம் பொய்யா ஒளிரும். ஈரப் பெட்டிக்குள்ள, 4 பாகையில இரவு முழுக்க வையுங்கோ.