புதுப்பிப்பு: கண்டென்சர் கணக்கில் 12 சதவீத இடைவெளி தீர்ந்தது

உதவிய அனைவருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: 0.1 பார் அழுத்தத்தில் இயங்கும் கண்டென்சருக்கு (நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கலன்) மணிக்கு 10 டன் நீராவி வருகிறது; குளிர்நீர் 10 டிகிரி சூடாகிறது. கணக்குப்படி மணிக்கு 572 டன் நீர் தேவை. மீட்டரோ 510 டன்தான் காட்டியது.

டர்பைனிலிருந்து வரும் நீராவி ஈரமானது, அதனால் முழு உள்ளுறை வெப்பத்தை (நீராவி நீராகும்போது விடும் வெப்பம்), அதாவது கிலோவுக்கு 2392 கிலோஜூலை எடுக்கக்கூடாது என்ற யோசனைதான் பலித்தது. உலர்வுப் பின்னத்தை, அதாவது ஈர நீராவியில் உண்மையில் ஆவியாக உள்ள பங்கை, தெர்மாமீட்டரால் அறிய முடியாது. ஈர நீராவியில் அழுத்தமே வெப்பநிலையை நிர்ணயித்துவிடும். அதனால் டர்பைன் பக்கமிருந்து வந்தேன். நுழைவில் 40 பார், 400 டிகிரி, என்தால்பி (நீராவியின் மொத்த வெப்ப உள்ளடக்கம்) கிலோவுக்கு 3214 கிலோஜூல். கிலோவுக்கு 917 கிலோஜூல் வேலையைக் கழித்தால் 2297. அதில் திரவ நீரின் பங்கைக் கழித்து, மிச்சத்தை 2392-ஆல் வகுத்தால் உலர்வுப் பின்னம் 0.88. இப்போது தேவை 504 டன்.

நீரின் வெப்ப ஏற்புத்திறனை மாற்றிப் பார்த்ததில் பெரிய பலன் இல்லை.

எதிர்பாராதது ஒன்று: செறிவுநீர் (நீராவி குளிர்ந்து உண்டான நீர்) 0.1 பாருக்குரிய 45.8 டிகிரியில் அல்ல, 42-இல் வெளியேறுகிறது. அந்த மிகைக்குளிர்ச்சி கிலோவுக்கு 16 கிலோஜூல் சேர்க்க, தேவை 508 டன்னை எட்டியது. மிச்சம் மீட்டர் பிழைக்குள் அடங்கும். மிகைக்குளிர்ச்சிக்குக் காரணம் காற்றுக் கசிவு என்று சந்தேகிக்கிறேன். வெற்றிட இணைப்புகளைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.